சென்சாருக்கு முன்கூட்டியே பணம் கொடுக்காதீர்கள்

கேள்வி: கீழ்பவானிக் கால்வாயின் கிளை வாய்க்கால் ஒன்றில் எங்கள் பாசன சபை இருக்கிறது. எங்கள் மதகில் விநாடிக்கு 12 கனஅடி விடுவதாகக் கணக்கு எழுதுகிறார்கள். ஆனால் கடைமடை வயலுக்குத் தண்ணீர் ஏறுவதில்லை. மதகை ஒட்டி அல்ட்ராசோனிக் சென்சார் மாட்டினால் எவ்வளவு வருகிறது என்று செல்போனிலேயே பார்க்கலாம் என்று ஒரு ஏஜென்ட் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். சென்சார் கனஅடியை அளப்பதில்லை. ஒலியை அனுப்பி, அது திரும்பிவரும் நேரத்தை வைத்து, தனக்குக் கீழே நீர்மட்டம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று மட்டும் பார்க்கிறது. அதைக் கனஅடியாக்குவது பெட்டிக்குள் ஏற்றிவைத்த ஒரு சூத்திரம். மண் வாய்க்காலில் அந்தச் சூத்திரம் நிலைக்காது. வண்டல் படியும், கரை சரியும், புல் மண்டும். ஆவணியில் இரண்டடி உயரத்துக்கு ஓடிய அளவு, ஐப்பசியில் அதே இரண்டடிக்கு ஓடாது.

ஆகவே முதலில் கட்ட வேண்டியது ஃப்ளூம், அதாவது நடுவில் கழுத்துபோல் குறுகும் கான்கிரீட் தொட்டி. அமெரிக்காவின் கொலராடோவில் ரால்ஃப் பார்ஷல் 1920களில் வகுத்த அளவுகள் இன்றும் எல்லா இடத்திலும் புழக்கத்தில் உள்ளன. 12 கனஅடிக்கு இரண்டடிக் கழுத்து போதும். கழுத்தின் தொடக்கத்திலிருந்து பக்கச் சுவரை ஒட்டித் தண்ணீர் வரும் பக்கமாக 3 அடி 4 அங்குலம் அளந்து, அங்கேதான் அளவுகோலோ சென்சாரோ வைக்க வேண்டும். அங்கே நீர் தளத்திலிருந்து 1.3 அடி நின்றால் 12 கனஅடி ஓடுகிறது என்று பொருள்.

உங்கள் ஏஜென்ட் காட்டிய இடம் தவறு. ஷட்டருக்குக் கீழே தண்ணீர் கொந்தளித்து வரும், எந்தச் சென்சாருக்கும் மட்டம் பிடிபடாது. தொட்டிக்கு முன்னால் குறைந்தது 20 அடி வாய்க்கால் நேராக இருந்து, நீர் அமைதியாக வர வேண்டும். மதகடியில் மாட்டச் சொல்வதற்குக் காரணம், அங்கே கம்பம் நட வசதி, வண்டி நிறுத்த வசதி. வேறொன்றுமில்லை.

அளவுகோலின் பூஜ்யம் தொட்டித் தளத்தோடு இம்மி பிசகாமல் பொருந்த வேண்டும். ஓர் அங்குலம் தாழ்ந்து பதிந்தால், 12 கனஅடி என்று காட்டும்போது உண்மையில் ஓடுவது 11-க்கும் குறைவு. சென்சாரை வெயிலில் விட்டாலும் இதே கதிதான். ஒலியின் வேகம் காற்றின் சூட்டோடு மாறும். பெட்டி சுட்டுப்போய், உள்ளே காட்டும் வெப்பநிலை கீழே இருக்கும் காற்றைவிட 10 டிகிரி கூடினால், ஐந்தடி உயரத்தில் மாட்டிய சென்சார் சுமார் ஓர் அங்குலம் தப்பாகச் சொல்லும். மேலே ஒரு நிழல்தகடு அவசியம். மீட்டருக்கு எஸ்டிமேட் போட்டால் உடனே கையெழுத்தாகிறது. தளத்தை மட்டம் பார்க்கவும் நிழல்தகடு போடவும் பணம் கேட்டால் ஃபைல் திரும்பி வருகிறது. இந்த வழக்கம் மாறாதவரை வாய்க்கால் ஓரமெல்லாம் தப்புக் கணக்குச் சொல்லும் பெட்டிகள்தான் நிற்கும்.

இனி வருவதைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். நான் சொன்ன 1.3 அடிக் கணக்கு, தண்ணீர் கழுத்தைத் தாண்டித் தடையில்லாமல் இறங்கி ஓடும்போது மட்டுமே செல்லும். கீழே யாரோ மோட்டாருக்காக மணல் மூட்டை அடுக்குகிறார், அல்லது ஆகாயத்தாமரை அடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் எதிர்த்து ஏறித் தொட்டிக்குள்ளேயே தேங்கும். மட்டம் உயரும், ஓட்டம் குறையும். சென்சாருக்குத் தெரிவது மட்டம் மட்டுமே. 8 கனஅடி ஓடும்போதும் 12 என்று பதியும். அந்தப் பதிவு, "கொடுத்துவிட்டோம், பாருங்கள்" என்று கடைமடைக்காரருக்கு எதிராகவே நீட்டப்படும். இதைத் தடுக்க, கழுத்தின் கீழ்முனைச் சுவரில் இன்னொரு அளவுகோல் பதியுங்கள். அதன் பூஜ்யமும் முதல் அளவுகோல் நிற்கும் தளத்தின் மட்டமே. கீழ் உயரம் மேல் உயரத்தில் நூற்றுக்கு எழுபதைத் தாண்டக் கூடாது. மேலே 1.3 என்றால் கீழே 0.9 வரைதான் பொறுக்கலாம். தாண்டினால் அன்றைய கணக்கை ஒப்புக்கொள்ளாதீர்கள், முதலில் கீழே இருக்கும் அடைப்பை எடுங்கள். விலைப்பட்டியல்களில் இந்த இரண்டாவது கோலை நான் பெரும்பாலும் பார்ப்பதில்லை. கேட்டால் "சாஃப்ட்வேர் பார்த்துக்கொள்ளும்" என்பார்கள். மேல்மட்டம் ஒன்றை மட்டும் வைத்து எந்த சாஃப்ட்வேராலும் இதைக் கண்டுபிடிக்க முடியாது.

முழுப் பணத்தையும் கொடுக்கும் முன் ஒரு சோதனை. நேரான பகுதியில் 100 அடி குறித்து, மட்டையோடு ஒரு தேங்காயை மிதக்கவிட்டு நேரம் பாருங்கள். விநாடிக்கு எத்தனை அடி போகிறதோ அதை 0.85-ஆல் பெருக்கி, வாய்க்காலின் அகலத்தாலும் சராசரி ஆழத்தாலும் பெருக்கினால் கனஅடி கிடைக்கும். இது தோராயம்தான். ஆனாலும் மீட்டர் இதில் ஒன்றரை மடங்கு காட்டினால் கோளாறு மீட்டரில்தான்.

வாய்க்கால் துறைக்குச் சொந்தம், அதனால் எழுத்து அனுமதி இல்லாமல் ஒரு செங்கல்கூட வைக்காதீர்கள். தண்ணீர் வழக்கமாக ஆகஸ்ட் நடுவில் திறக்கும். அதற்குமுன், தளம் காய்ந்து கண்ணுக்குத் தெரியும்போதே, பிரிவுப் பொறியாளரையும் சபை ஆட்களையும் வைத்து லெவல் கருவியால் இரண்டு பூஜ்யங்களையும் சரிபார்த்து, இரு தரப்பும் கையெழுத்திட்டு ஒரு நகலைச் சபையில் வையுங்கள். ஏஜென்டுக்குக் கடைசித் தவணையை அதன்பிறகு, தேங்காய்ச் சோதனையும் முடிந்தபின் கொடுங்கள்.