எம்.பி.பி.எஸ்.க்குப் பிறகு எந்தத் துறை? வாசகர் கேள்விகளும் பதில்களும்

பெருந்துறையில் ஹவுஸ் சர்ஜனாக இருக்கிறேன். முதுநிலை நுழைவுத் தேர்வில் ரேங்க் வந்தால் ரேடியாலஜி (ஸ்கேன், எக்ஸ்ரே துறை) எடு என்கிறார் அப்பா. எனக்கு ஆபரேஷன் தியேட்டர்தான் பிடிக்கிறது.

அப்பா சொல்வதிலும் அர்த்தம் இருக்கிறதுங்க தம்பி. ஆனால் மூன்று வருடம் படித்து, அப்புறம் முப்பது வருடம் அந்த வேலையைச் செய்யப்போவது நீங்கள். ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலையில் கட்டைப் பிரித்துப் பார்ப்பதும், சீழ் வைத்துவிட்டால் வாரக்கணக்கில் அந்தப் புண்ணோடு மல்லுக்கட்டுவதும் பிடிக்கிறதா என்று பாருங்கள். பிடித்தால் எம்.எஸ். பொது அறுவை எடுங்கள். தியேட்டர் வெளிச்சம் மட்டும்தான் பிடிக்கிறது என்றால் அவசரப்படாதீர்கள். ரேடியாலஜியிலும் ரத்தக்குழாய்க்குள் குழாய் விட்டு அடைப்பு நீக்கும் கைவேலை உண்டு. இடத்தை வாங்கிவிட்டுப் பாதியில் விட்டால் அபராதம் கட்ட வேண்டிவரும்.

மகன் இதய நோய் நிபுணராக மொத்தம் எத்தனை வருடம் ஆகும்? (அவினாசியிலிருந்து ஒரு தாயார்)

எம்.பி.பி.எஸ். ஐந்தரை, எம்.டி. பொது மருத்துவம் 3, அதற்கு மேல் டி.எம். இதயவியல் (உயர் சிறப்புப் படிப்பு) 3. ஆகப் பதினொன்றரை வருடம். நடுவில் எம்.டி.க்கு நீட் பி.ஜி., டி.எம்.முக்கு நீட் எஸ்.எஸ். என்று இரண்டு நுழைவுத் தேர்வு. அவற்றுக்குப் படிக்கும் காலம் தனி. அதுவரை கல்யாணப் பேச்சில் அவசரம் காட்டாதீர்கள் அம்மா.

டி.என்.பி.யும் எம்.டி.யும் ஒன்றா?

டி.என்.பி. என்பது தேசியத் தேர்வு வாரியம் தரும் முதுநிலைப் பட்டம். தகுதியில் எம்.டி.யும் அதுவும் ஒன்றுதான். ஆனால் சேரும் முன்பு, அந்த ஆஸ்பத்திரியில் படிப்பவர்கள் கையால் எத்தனை கேஸ் செய்கிறார்கள் என்று சீனியர்களிடம் விசாரியுங்கள்.

கை அறுவை சிகிச்சை தனித்துறையா? (திருப்பூர் மாணவி)

ஆமாம் கண்ணு, நம் பகுதிக்கு மிகவும் வேண்டிய துறை. விசைத்தறி, நூற்பாலை, கரும்பு ஆலை எல்லாம் உள்ள ஊரில் விரல் போவது வாரச் செய்தி. எம்.எஸ். எலும்பு அறுவை முடித்தவர்களும், எம்.சி.எச். (அறுவையில் உயர் சிறப்புப் படிப்பு) பிளாஸ்டிக் சர்ஜரி முடித்தவர்களும் இதற்கு வருகிறார்கள். கை, நுண் அறுவைக்கென்று தேசியத் தேர்வு வாரியத்தின் எஃப்.என்.பி. என்ற ஃபெலோஷிப் பயிற்சியும் இருக்கிறது. விரலின் ரத்தக்குழாய் ஒரு மில்லிமீட்டர் அளவுதான். மைக்ராஸ்கோப்புக்குக் கீழே, முடியைவிட மெல்லிய நூலால் அதைத் தைக்க வேண்டும். குழாய் இணைந்து ரத்தத்தை நிறுத்தி வைத்த கிளாம்பை (கவ்வியை) எடுத்ததும் வெளிறிக் கிடந்த விரல் நுனி சிவந்து வரும். ஒருமுறை அதைப் பார்த்தவர்கள் வேறு துறைக்குப் போக மனம் வராமல் தவிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

மில்லில் வேலை செய்யும் உறவுக்காரர்களுக்கு இதையும் சொல்லி வையுங்கள்: துண்டான விரலை ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வைத்துக் கொண்டுவர வேண்டும். ஐஸில் நேரடியாகப் படக் கூடாது.

தாளவாடி மலையில் அரசு மருத்துவராக இருக்கிறேன். பி.ஜி. (முதுநிலை) இடம் கிடைக்குமா?

முயற்சி செய்யுங்கள் டாக்டர். பணியில் உள்ள மருத்துவர்களுக்கு மாநிலங்கள் தனி ஒதுக்கீடு தரலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் அரசுக் கல்லூரிகளின் மாநில இடங்களில் 50 சதவீதம் உங்களைப் போன்றவர்களுக்குத்தான். துறை கேட்டால், குடும்ப மருத்துவத்தையும் மனதில் வையுங்கள் என்பேன். பாம்புக்கடி, பிரசவம், சர்க்கரை, குழந்தைக் காய்ச்சல் எல்லாம் ஒரே காலையில் வரும் இடத்தில் எல்லாம் தெரிந்த ஒருவர்தான் வேண்டும். டி.என்.பி. குடும்ப மருத்துவம் 3 வருடம். கவுன்சிலிங்கில் விருப்பப் பட்டியல் போடும்போது அதைக் கடைசியில் தள்ளாதீர்கள்.