வீட்டுப் பொருள்களில் துணிச் சாயம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஒரு பருத்தித் துண்டுக்கு வெங்காயத் தோல் எவ்வளவு தேவைப்படும்?

பதில்: துண்டு என்பது அளவாகாது, உலர்ந்த துணியை எடை போடுங்கள். அந்த எடையில் பாதியளவு உலர்ந்த தோல் இருந்தால் நல்ல மஞ்சள் கிடைக்கும், சம எடை போட்டால் செம்பொன் நிறத்தை நெருங்கும். இரண்டுமே படிகாரம் ஏற்றிய துணிக்குத்தான் (ஏற்றும் முறை கீழே பீட்ரூட் கேள்விக்கான பதிலில் இருக்கிறது).

கேள்வி: நீங்கள் எழுதியபடியே எல்லாம் செய்தேன். நிறம் திட்டுத்திட்டாக வந்திருக்கிறது. ஏன்?

பதில்: என்ன துணி, எவ்வளவு எடை, எந்தப் பாத்திரம், சாயமேற்றும் முன் துணியை எப்படிச் சுத்தம் செய்தீர்கள் என்று ஒன்றையும் குறிப்பிடாமல் காரணம் மட்டும் கேட்டால் நான் ஊகிக்கத்தான் முடியும். பெரும்பாலும் நேர்வது இதுதான்: புதுத் துணியில் ஆலை ஏற்றிய கஞ்சியும் பஞ்சுக்கே உரிய மெழுகும் இருக்கும், வெறும் சோப்பில் அலசினால் அவை போகாது. சலவைச் சோடா கரைத்த நீரில் ஒரு மணி நேரம் மெல்லக் கொதிக்கவிட்டால் நீர் தேநீர் நிறத்துக்கு வரும், அப்போது துணியில் என்ன இருந்தது என்று உங்களுக்கே தெரியும். பிறகு துணியை முழுவதும் நனைத்தே சாயநீரில் இறக்க வேண்டும். தாராளமாகப் புரளும்படி நீரும், அடிக்கடி கிளறுவதற்கு ஆளும் இருக்க வேண்டும்.

கேள்வி: பீட்ரூட் சாற்றில் தோய்த்த வெள்ளைச் சட்டையை, நிறம் பிடிப்பதற்காக உப்பும் வினிகரும் கலந்த நீரில் ஊறவைத்தேன். இரண்டே சலவையில் எல்லாம் போய்விட்டது. உப்பு குறைந்துவிட்டதா?

பதில்: உப்பை எவ்வளவு கூட்டினாலும் இதுவேதான் நடந்திருக்கும். இக்கேள்வி ஏதேனும் ஒரு வடிவில் வராத மாதமே இல்லை என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். உப்பும் வினிகரும் நிறமூன்றிகள் அல்ல, அதாவது சாயத்தை இழையோடு பிணைத்து நிலைநிறுத்தும் பொருள்கள் அல்ல. செயற்கை நேரடிச் சாயங்களால் பருத்திக்கு நிறமேற்றும்போது, நீரில் கரைந்து நிற்கும் சாயம் இழைக்குள் செல்ல உப்பு துணைசெய்கிறது. அமிலச் சாயங்களால் கம்பளிக்கும் பட்டுக்கும் நிறமேற்றும்போது, இழையில் நேர்மின்னூட்டத்தை உண்டாக்கி, எதிர்மின்னூட்டம் கொண்ட சாயத்தை ஈர்த்துப் பிடிக்க வினிகர் உதவுகிறது. அந்தச் சாயங்களுக்குரிய முறையைத் தாவரச் சாயத்துக்குக் கொண்டுவந்து, காரணம் பார்க்காமல் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அதை நம்பி எத்தனையோ நல்ல துணிகளும் உழைப்பும் வீணாவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

பெரும்பாலான தாவரச் சாயங்கள் இழையில் நிலைக்க உலோகம் வேண்டும். படிகாரத்திலுள்ள அலுமினியம் ஒரு பக்கம் இழையையும் மறு பக்கம் சாயத்தையும் பற்றிக்கொள்கிறது; உப்பிலுள்ள சோடியத்துக்கு அந்தப் பிடிப்பு கிடையாது. பருத்தியில் அலுமினியமும் எளிதில் தங்காது என்பதால், முதலில் தேயிலையோ மாதுளைத் தோலோ கொதித்த நீரில் துணியை ஊறவைத்து டானின் என்ற துவர்ப்புப் பொருளை ஏற்றிவிட்டு, அதன் பிறகே துணியின் எடையில் சுமார் 15 சதவீதப் படிகாரம் கரைத்த வெந்நீரில் ஓர் இரவு வைக்க வேண்டும்.

இவ்வளவும் செய்தாலும் பீட்ரூட் நிற்காது. அதிலுள்ள பீட்டாலைன் நிறமி வெப்பத்துக்கும் ஒளிக்கும் சிதைந்துவிடும். படிகாரமும் அதைக் காப்பாற்றாது. தொடக்கத்தில் நானும் ஒரு தலையணை உறையை அதில் தோய்த்து, ஈரத்தில் தெரிந்த கருஞ்சிவப்பைக் கண்டு மகிழ்ந்தேன். காய்ந்ததும் அது இளஞ்சிவப்பானது, மூன்றாம் சலவையில் அழுக்குப் படிந்தது போன்ற மங்கல் மட்டுமே மிஞ்சியது. முழு ஆடையில் இறங்கும் முன் ஒரு மாதிரித் துண்டில் சோதியுங்கள் என்று நான் திரும்பத் திரும்ப எழுதுவது இதனால்தான்.

கேள்வி: மஞ்சளில் சாயமிட்ட துணி சோப்புப் பட்டதும் சிவந்துவிட்டது. கெட்டுப்போய்விட்டதா?

பதில்: இல்லை. காரத்தன்மை பட்டால் மஞ்சளின் நிறமியான குர்குமின் சிவக்கும். ஒரு வாளி நீரில் இரண்டு கரண்டி வினிகர் விட்டு அலசினால் மஞ்சள் திரும்பும். வினிகருக்கு இங்கே வேலை உண்டு, ஆனால் அது நிறத்தை நிலைநிறுத்தும் வேலையன்று. துணியை நிழலில் உலர்த்துங்கள். மஞ்சள் வெயிலுக்கு நிற்காது.

கேள்வி: துருப்பிடித்த ஆணிகளை ஊறவைத்த நீரில் தேயிலைச் சாயத்தைக் கறுப்பாக்கினேன். சில மாதங்களில் மடிப்புகளில் துணி கிழிகிறது.

பதில்: இரும்பு மிகுந்துவிட்டது. ஆணி ஊறிய நீரில் எவ்வளவு இரும்பு கரைந்திருக்கிறது என்பதை நிறத்தைப் பார்த்து அளக்க முடியாது. அதற்குப் பதில் அன்னபேதியை (இரும்பு சல்பேட்டை) எடை போட்டுப் பயன்படுத்துங்கள்; 100 கிராம் துணிக்கு 2 கிராமுக்கு மேல் வேண்டாம், பத்து நிமிடங்கள் போதும், பிறகு நன்றாக அலசிவிட வேண்டும். விழுங்கினால் நஞ்சு என்பதால் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

கேள்வி: பாலியெஸ்டர் சட்டைக்கு இவற்றில் எது ஏற்றது?

பதில்: எதுவுமில்லை. முழுப் பருத்தி என்று வாங்கிய சட்டையிலும் தையல் நூல் பெரும்பாலும் பாலியெஸ்டராக இருக்கும். சட்டைத் துணி முழுவதும் நிறமேறி, தையல் மட்டும் வெள்ளைக் கோடாக நிற்கும்.

கேள்வி: சாயம் காய்ச்சிய பாத்திரத்தைக் கழுவிவிட்டுச் சமைக்கலாமா?

பதில்: கூடாது. வெங்காயத் தோல்தானே என்று எண்ண வேண்டாம்; படிகாரமும் அன்னபேதியும் புழங்கும் பாத்திரம், கரண்டி, வடிகட்டி ஆகிய மூன்றும் தனியாகவே இருக்க வேண்டும். எவர்சில்வராக இருந்தால் நிறத்தையும் மாற்றாது.

கேள்வி: சன்னல் திரைக்குச் சாயமிட விரும்புகிறேன். எது வெளுக்காது?

பதில்: மாதிரித் துண்டின் பாதியை அட்டையால் மூடி, வெயில் விழும் சன்னலில் இரண்டு வாரம் ஒட்டி வையுங்கள், அட்டையை எடுத்ததும் இரண்டு பாதிகளுக்கும் நடுவே கோடு தெரிந்தால் அந்தச் சாயம் திரைக்கு ஆகாது. செம்பருத்தி, சிவப்பு முட்டைக்கோஸ், கறுப்பு பீன்ஸ் ஆகியவற்றில் வீணாக நேரம் செலவிட வேண்டாம். மாதுளைத் தோலில் ஊறவைத்து, மேலே சொன்ன அளவில் அன்னபேதி காட்டிய சாம்பல் நிறத்திலிருந்து தொடங்குங்கள்.