படி விலகினால் வீடு விழுந்துவிடாது

கேள்வி: கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காட்டில் எங்கள் வீடு. கட்டி எட்டு வருடம் ஆகிறது. தலைவாசலுக்கு முன் நான்கு கான்கிரீட் படிகள். அந்தப் படிக்கட்டு பேஸ்மட்டச் சுவரோடு சேரும் இடத்தில் நெடுக விரிசல். மூன்றாம் படிக்கு அடியில் பக்கவாட்டிலும் கீறல் ஓடுகிறது. சித்திரையில் சுண்டுவிரல் நுனி நுழைகிறது, கார்த்திகை மழைக்குப் பிறகு குறைந்துவிடுகிறது. வீட்டுக்குள் சுவரில் கீறல் இல்லை, கதவும் பிடிக்கவில்லை. மேஸ்திரி வருடா வருடம் சிமென்ட் வைத்து அடைக்கிறார், நிற்கவில்லை. இப்போது ஒரு கம்பெனி ஆள் வந்து, அஸ்திவாரமே இறங்குகிறது, உடனே ஊசி போட்டுக் கெமிக்கல் ஏற்றவேண்டும் என்று பயமுறுத்துகிறார். வீட்டுக்கு ஆபத்தா?

பதில்: இல்லை. இன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்குங்கள்.

அந்தக் கம்பெனி ஆளுக்கான பதில் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. வீட்டுக்குள் கீறல் இல்லை, கதவு பிடிக்கவில்லை, வெயிலுக்கு அகலும் விரிசல் மழைக்குச் சுருங்குகிறது. வீடு இருந்த இடத்தில்தான் இருக்கிறது. வெயிலுக்கு இறங்கி மழைக்கு ஏறுவது படிக்கட்டு மட்டும்தான்.

ஏன் என்று கேட்டால், படிக்கட்டு நம் ஊரில் எப்போது கட்டப்படுகிறது என்று யோசித்துப் பாருங்கள். வீட்டுக்கு அஸ்திவாரம் போடும்போது கரிசலைத் தாண்டி, அடியில் இருக்கும் சுக்கான் என்கிற கெட்டிச் சுண்ணாம்புப் படிவம் தட்டும்வரை தோண்டியிருப்பார்கள். படிக்கட்டோ கிரகப்பிரவேசத்துக்கு ஒரு வாரம் முன்னால், மிச்சமிருந்த ஜல்லியை வைத்துக் கட்டியது. அடியில் இருப்பது அஸ்திவாரக் குழியை மூடத் தள்ளிய மண்ணும் உடைந்த செங்கலும். அதை யாரும் இடித்துக் கெட்டித்திருக்க மாட்டார்கள். அதற்கும் கீழே கரிசல். ஈரம் பட்டால் ஊதும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். கோடையில் உங்கள் வயலில் கால் நுழைகிற அளவுக்குப் பாளம் பாளமாக வெடிக்கிறதே, அதே மண்தான் படிக்கு அடியிலும் இருக்கிறது. இந்த ஏற்ற இறக்கம் மேலே ஐந்தடி முதல் பத்தடி வரைதான். அதற்குக் கீழே மண் அவ்வளவாக அசைவதில்லை. ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் கரிசலுக்கென்று அடி விரிந்த குத்துத் தூண்களை வடிவமைத்து, அவற்றைப் பதினோரு அடிக்கு மேல் இறக்கச் சொன்னது அதனால்தான். உங்கள் படிக்கட்டு உட்கார்ந்திருப்பது அரையடிக் கான்கிரீட்டில். அது ஆடாமல் என்ன செய்யும்?

ஆக, வீடும் படிக்கட்டும் இரண்டு தனித்தனிக் கட்டுமானம். இரண்டும் ஒட்டித்தான் இருக்கவேண்டும் என்று நினைப்பதில்தான் எல்லாத் தப்பும் ஆரம்பிக்கிறது.

உங்கள் மேஸ்திரி நல்ல எண்ணத்தோடுதான் அடைக்கிறார். ஆனால் அவர் அடைப்பது சித்திரை வைகாசியில், விரிசல் முழுசாகத் திறந்திருக்கும்போது. அதில் கெட்டிக் கலவையைத் திணித்தால் அது ஆப்பு மாதிரி நின்றுவிடும். ஐப்பசியில் மண் ஊதிப் படிக்கட்டு பழைய இடத்துக்குத் திரும்பப் பார்க்கும், ஆப்பு வழி விடாது. அப்போது ஒன்று கலவை நொறுங்கும், அல்லது படி வேறு இடத்தில் உடையும். மூன்றாம் படிக்கு அடியில் ஓடும் கீறல் அப்படி வந்ததாகத்தான் இருக்கும்.

இதைவிட மோசமான ஒன்று உண்டு. அடுத்த முறை மேஸ்திரி, "பிளிந்த் பீமில் துளை போட்டுக் கம்பி சொருகி, படியை வீட்டோடு கட்டிவிடலாம்" என்பார். பிளிந்த் பீம் என்பது பேஸ்மட்டத்தில் வீட்டுச் சுவர்களைத் தாங்கும் கான்கிரீட் உத்தரம். ஒத்துக்கொள்ளவே கொள்ளாதீர்கள். இப்போது தன்பாட்டுக்கு இறங்கி ஏறும் படிக்கட்டு, அப்புறம் பீமில் தொங்க ஆரம்பிக்கும். இன்றைக்கு வீட்டுக்கு இல்லாத ஆபத்தைக் கூலி கொடுத்து வாங்கியதாகிவிடும்.

ஊசிக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். ஊசி போடுவது பொய்யான தொழில்நுட்பம் இல்லை. தண்ணீர்த் தொட்டிச் சுவர், நிலத்தடித் தளம் போன்றவற்றில் கான்கிரீட்டுக்குள் ஓடும் கசிவை அடைக்க அது உதவும். உங்கள் படிக்கு அடியில் இருப்பது மண்ணும் வெற்றிடமும். அங்கே எவ்வளவு ஊற்றினாலும் போகும். பில்லை நாசில், அதாவது கெமிக்கல் ஏற்றும் குழாய்முனை, கணக்கில் போடுவார்கள், நாசில் எத்தனை என்பதை அவர்களே முடிவு செய்வார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் வீட்டில் இப்படித்தான் படியைச் சுற்றி வரிசையாக நாசில் அடித்து, இரண்டு நாள் மோட்டார் ஓட்டினார்கள். பத்து வருட உத்தரவாதம் என்று வழவழத் தாளில் எழுதிக் கொடுத்தார்கள். அடுத்த கோடையில் விரிசல் பழையபடி. தாளில் இருந்த நம்பருக்குப் போன் போட்டால் எடுக்க ஆளில்லை. எங்கே போய் முறையிடுவது? நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், ஆனால் அந்த அலைச்சலுக்கு எல்லோராலும் முடியாது. ஊசி போடுகிறவருக்கு உரிமமா, தேர்வா, ஒன்றும் கிடையாது. ஒரு மோட்டாரும் ஒரு விசிட்டிங் கார்டும் இருந்தால் போதும். ஹார்டுவேர் கடையில் கெமிக்கல் வாளிக்கு வாளி யாருக்குக் கமிஷன் போகிறது என்பதையும் கொஞ்சம் விசாரித்துப் பாருங்கள், பல பரிந்துரைகளின் மர்மம் விளங்கும்.

சரி, செய்யவேண்டியது என்ன?

முதலில் தண்ணீர். மொட்டைமாடி மழைக்குழாய் எங்கே இறங்குகிறது என்று பாருங்கள். பல வீடுகளில் அது படிக்கட்டின் ஓரத்தில்தான் இறங்கும். ஒரு பக்கம் மட்டும் ஊறினால் ஒரு பக்கம் மட்டும் ஊதும். குழாயை நீட்டி, படியிலிருந்து குறைந்தது பத்தடி தள்ளி விடுங்கள்.

அப்படியே மழைநீர் சேகரிப்புக் குழியையும் பாருங்கள். 2003-ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் அதைக் கட்டாயமாக்கினார்கள். நல்ல காரியம், நிலத்தடி நீர் ஏறியது. ஆனால் வரைபடத்தில் குழி இருக்கிறதா என்று பார்ப்பவர்கள், எந்த மண்ணில், எங்கே இருக்கிறது என்று பார்ப்பதில்லை. படத்தில் காட்ட வசதியாக வாசற்படிக்குப் பக்கத்திலேயே மூன்றடி தள்ளி ஒரு குழி தோண்டி, ஜல்லி போட்டு, மூடி வைத்துவிடுவார்கள். கரிசலில் தண்ணீர் லேசில் கீழே இறங்காது. குழியில் நின்று, பக்கவாட்டில் ஊறிப் படிக்கு அடியில்தான் போகும். உங்கள் வீட்டிலும் அப்படி இருந்தால் அதை மனையின் மூலைக்கு மாற்றுங்கள். காலையில் வாசல் தெளிப்பதால் ஒன்றும் ஆகாது, அதை நிறுத்தவேண்டாம்.

அடுத்தது வெற்றிடம். சுத்தியல் பிடியால் ஒவ்வொரு படியையும் தட்டிப் பாருங்கள். கெட்டியான இடத்தில் ஒரு சத்தம், பொள்ளலான இடத்தில் பானையைத் தட்டியது போல ஒரு சத்தம் கேட்கும். பெருச்சாளி வளை இருந்தால் அதுவும் இதில் தெரிந்துவிடும். பொள்ளல் இருக்கும் பக்கம் இரண்டடி நீளம் மட்டும் திறந்து, உதிரி மண்ணை வாரிவிட்டு, லேசாக ஈரப்படுத்திய செம்மண் கிராவலை அரையடி அரையடியாகப் போட்டு இடித்துக் கெட்டியுங்கள். அது முடிந்தபின் அடுத்த இரண்டடி. மொத்தமாக ஒரே நாளில் தோண்டினால் படி உட்கார்ந்துவிடும். மேலே மிஞ்சும் இடைவெளியில் ஒன்றுக்கு நான்கு சிமென்ட், எம்-சாண்ட் கலவையைக் கூழ்ப்பதத்தில் ஊற்றினால் போதும், மோட்டாரும் அழுத்தமும் தேவையில்லை. வெறும் மணலை மட்டும் போட்டு நிரப்ப விடாதீர்கள். கரிசலுக்கு நடுவே மணல் நிரப்பிய குழி என்பது தொட்டி, மழைத் தண்ணீர் முழுதும் அதில் வந்து நிற்கும்.

கடைசியாக அந்த விரிசல். அதைக் கெட்டியாக மூடக்கூடாது, மெத்தென்று அடைக்கவேண்டும். பழைய சிமென்டையெல்லாம் உளியால் எடுத்து, அரை அங்குல அகலத்துக்கு ஒரே சீராகத் திறந்து, தூசியைத் தட்டுங்கள். உள்ளே பேக்கர் ராட் என்கிற நுரைக்கயிற்றை நுழைத்து, மேலே கால் அங்குல கனத்துக்குப் பாலியூரித்தேன் சீலன்ட் போடவேண்டும். கயிறு ஏன் என்றால், சீலன்ட் இரண்டு பக்கமும் மட்டும் ஒட்டவேண்டும். அடியிலும் ஒட்டினால் இழுபடும்போது கிழிந்துவிடும். கயிறு போடாமல் பிதுக்கிவிட்டுப் போகிறவரை நம்பாதீர்கள். குளியலறைச் சிலிக்கான் வேண்டாம், சிமென்டில் அது நிற்பதில்லை. எல்லாம் சேர்த்துச் சாமான் செலவு ஊசிக்காரரின் முன்பணத்தைத் தொடாது.

இந்த வேலையைத் தை மாதக் கடைசியில் வையுங்கள். மழை ஓய்ந்து, வெயிலும் ஏறாமல், விரிசல் நடுத்தரமாகத் திறந்திருக்கும் நேரம் அது. இரண்டு பக்கமும் அசைய இடம் கிடைக்கும்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் நான் சொன்னது செல்லாது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் தப்பு செய்தால் உயிருக்கே ஆபத்து. படிக்கட்டின் மேல்தளத்தில் போர்டிகோ தூண் நிற்கிறதா? நீங்கள் எழுதவில்லை. வீடு கட்டி இரண்டு மூன்று வருடம் கழித்து, கையில் காசு வந்ததும் அழகுக்கு இரண்டு தூண் எழுப்பி மேலே கான்கிரீட் போடுவது நம் பக்கம் வழக்கம். அந்தத் தூணுக்குத் தனி அஸ்திவாரம் இருந்தால் பிரச்சினை இல்லை. பல வீடுகளில் படிக்கட்டுக் கான்கிரீட்டைக் கொத்தி அதிலேயே தூணை நிறுத்தியிருப்பார்கள். அப்படியானால் படி இறங்கும்போது தூணும் இறங்கும், மேலே உள்ள தளம் வீட்டுச் சுவரைப் பிடித்து இழுக்கும். போர்டிகோவின் அடிப்பக்கம், சுவரை ஒட்டி ஒரு கீறல் தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். தூணின் அடியில் மோதிரம் போலச் சுற்றிக் கீறல் இருக்கிறதா என்றும் பாருங்கள். கட்டியவரைக் கேட்டால் "ஆழமாத்தான் போட்டோம்" என்பார், எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். தூணை ஒட்டி ஒரு அடிக் குழி தோண்டினால் கண்ணுக்கே தெரிந்துவிடும். தூண் படியில்தான் நிற்கிறது என்றால், படிக்கு அடியில் ஒரு கைப்பிடி மண்ணைக்கூட எடுக்காதீர்கள். தளத்துக்கு ஜாக்கி முட்டுக் கொடுத்து, இன்ஜினியரை நேரில் வரவழைத்து, தூணுக்குத் தனி அஸ்திவாரம் போட்ட பிறகுதான் படியைத் தொடவேண்டும்.

படியையே இடித்துக் கட்டலாமா என்று கேட்பீர்கள். ரசமட்டம் வைத்துப் பாருங்கள். படி வெளிப்பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தால் இருக்கட்டும், தண்ணீர் வெளியே ஓடும். வீட்டுப் பக்கம் சாய்ந்திருந்தால் இடிப்பதுதான் நல்லது. அப்போது இரண்டடி கரிசலை எடுத்துவிட்டுக் கிராவல் போட்டு இடித்து, சுவருக்கும் படிக்கும் நடுவே அரை அங்குலத் தெர்மாகோல் வைத்துக் கட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு படி உயரமும் ஏழரை அங்குலத்தைத் தாண்டாமல், எல்லாம் ஒரே அளவாக இருக்கட்டும். ஒற்றைப்படைக் கணக்குக்காக வாஸ்துக்காரர் கடைசியில் ஒரு அரைப்படி சேர்க்கச் சொன்னால் சேர்க்காதீர்கள், வீட்டுப் பெரியவர்கள் இடறி விழுவது அந்த அரைப்படியில்தான். இப்போது கடையில் கிடைப்பது பெரும்பாலும் சாம்பல் கலந்த பிபிசி (PPC) சிமென்ட், அது மெதுவாகத்தான் இறுகும். மேஸ்திரி மூன்று நாள் போதும் என்பார், நீங்கள் பத்து நாள் ஈரச் சாக்கு போட்டு வையுங்கள்.