முந்தனையாற்றில் ட்ரவுட் வளருமா?

கேள்வி: இங்கிலாந்தில் இருக்கும் என் மகன், வீட்டருகே ஓடும் சிற்றாற்றில் ட்ரவுட் மீன் பிடித்துப் படம் அனுப்பினான். யாரும் குஞ்சு விடாமல் தானாகவே பெருகுகிறதாம். நமது முந்தனையாற்றிலும் விட்டால் என்ன?
— வாசகி, செங்கலடி

பதில்: செத்துப்போகும் அம்மா. அது குளிர்நீர் மீன். நீரின் வெப்பம் 25 பாகை செல்சியஸைத் தாண்டினாலே தத்தளிக்கும். கச்சான் வீசும் ஆடியில் நம் ஆற்றுநீர் எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்கே தெரியும். நீர் சூடானால் மீன் மூச்சுவிடும் ஒட்சிசனும் குறையும்: 10 பாகையில் ஒரு லீற்றர் நீர் 11 மில்லிகிராம் ஒட்சிசனைத் தாங்கும். 30 பாகையில் ஏழரைதான். வெள்ளைக்காரர் 1880களில் ட்ரவுட்டை இலங்கைக்குக் கொண்டுவந்தபோது நுவரெலியாப் பக்கத்து மலையோடைகளைத் தேடிப் போனது அதனால்தான்.

உங்கள் மகன் சொன்னதில் எனக்குப் பிடித்தது ‘குஞ்சு விடாமல்’ என்பதே. பெண் ட்ரவுட் ஒருக்களித்து வாலால் அடித்துக் கூழாங்கற்களில் குழி பறிக்கும். முட்டையிட்டுக் கற்களாலேயே மூடும். கற்களின் இடுக்கில் நீர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். சேறு படிந்தால் முட்டை மூச்சுத் திணறிவிடும். ஆற்றின் அடித்தளம் நன்றாயிருந்தால் மீன் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். அமெரிக்காவின் மொண்டானா மாநிலத்தில், மாடிசன் ஆற்றில் பண்ணை மீன் விடுவதை நிறுத்தியபோது காட்டு ட்ரவுட் கூடியது. 1974இல் ஆறுகளில் மீன் விடுவதையே அந்த மாநிலம் கைவிட்டது.

நம் குளங்களில் கட்லா, ரோகு குஞ்சு விடுவது வேறு கணக்கு. அவை குளத்தில் இனம் பெருக்குவதில்லை, பிடிப்பதற்கென்றே விடுகிறோம். முந்தனையாற்றுக்கோ புது மீன் தேவையில்லை. மணலை அள்ளிக் குழி தோண்டுகிறவர்களை நிறுத்தினால் போதும். இதை எழுதி எழுதி எனக்கும் அலுத்துவிட்டது.

கேள்வி: வாய்க்காலில் சிவப்பாகக் குஞ்சுக் கூட்டம் மிதக்கிறது. அடியில் பெரிய விரால் நிற்கிறது. தூண்டில் போடலாமா?
— வாசகர், அக்கரைப்பற்று

பதில்: வேண்டாம் தம்பி. குஞ்சுகளுக்குக் காவலாக நிற்கும் தாய் தகப்பன் அவை. குஞ்சின் பக்கம் எது வந்தாலும் பாய்ந்து கடிக்கும். அதனால்தான் தூண்டிலில் எளிதாக மாட்டுகிறது. அதைத் தூக்கிவிட்டால் கெளுத்தியும் கொக்கும் கூட்டத்தை முடித்துவிடும். குஞ்சுகள் கறுத்துப் பிரிந்து போகும்வரை பொறுங்கள்.

கேள்வி: ட்ரவுட் ருசியா, விரால் ருசியா?
— வாசகர், களுவாஞ்சிக்குடி

பதில்: நுவரெலியாவில் ட்ரவுட் சாப்பிட்டிருக்கிறேன். தேசிக்காய் பிழியாமல் உள்ளே இறங்கவில்லை. விராலுக்குப் புளியும் மிளகாய்த்தூளும் போதும்.