குமாஸ்தா போட்ட சாட்சிக் கையெழுத்து

அன்புள்ள ஐயா,

மதுரையில் மூன்று வருடமாக வக்கீல் தொழில் செய்கிறேன். சீனியரிடம் கிரிமினல், விபத்து இழப்பீடு, சிவில் எல்லாம் பார்க்கிறேன். ஆனால் உயில், செட்டில்மெண்ட், வாரிசு விவகாரம் மட்டும் செய்ய ஆசை. "ஒரே வேலையை நம்பினால் பட்டினிதான்" என்கிறார்கள். வெளிநாட்டில் எல்.எல்.எம். படித்தால் உதவுமா? இதுவரை மூன்று உயில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மாதிரி இருந்ததால் சிரமமில்லை, ஒரு பக்கம்தானே. எங்கள் குமாஸ்தாவும் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரரும் சாட்சி போட்டார்கள். மூன்றையும் பதிவு செய்தாயிற்று.

க.

அன்புள்ள க.,

எல்.எல்.எம். வேண்டாம். அங்கே இந்தப் பாடத்தில் பெரும்பகுதி வாரிசு வரியைச் சுற்றியது. இங்கே எஸ்டேட் டியூட்டி என்ற பெயரில் இருந்த அந்த வரி 1985-லேயே ஒழிந்துவிட்டது. பட்டினி பயமும் வேண்டாம், பாகப்பிரிவினையும் செட்டில்மெண்ட்டும் சோறு போடும். பலகையில் 'உயில் நிபுணர்' என்று எழுத மட்டும் பார் கவுன்சிலின் 36-வது விதி விடாது.

"ஒரு பக்கம்தானே" என்று எழுதினீர்களே, அதற்காகத்தான் இந்தப் பதில். சில நாட்களாக மனதில் கிடந்த விஷயமும் அதுதான்.

கிரையப் பத்திரத்தில் தப்பு வந்தால் எழுதிக் கொடுத்தவரைக் கூப்பிட்டுப் பிழைதிருத்தல் பத்திரம் போடலாம். உயிலில் தப்பு வெளிவரும்போது எழுதிவைத்தவர் போய்ச் சேர்ந்திருப்பார். ஜாமீன் மனு சரியில்லை என்றால் மறுவாரமே தெரிந்துவிடும். உயில் சரியில்லை என்பது இருபது வருடம் கழித்து, வேறொரு வக்கீலின் குறுக்கு விசாரணையில் தெரியும். தயாரித்தவர் காதுக்கு அது வராமலே போகலாம். தன் பிழையைத் தானே பார்க்க வாய்க்காத வேலை என்பதால்தான் இதைத் தனித்துறையாக எடுத்துப் படிக்க வேண்டும் என்கிறேன்.

இப்போது உங்கள் குமாஸ்தாவுக்கு வருகிறேன். 1925-ம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டம் 63-வது பிரிவுப்படி குறைந்தது இரண்டு சாட்சி வேண்டும். எழுதிவைப்பவர் கையெழுத்துப் போடுவதை ஒவ்வொருவரும் பார்த்திருக்க வேண்டும், அல்லது 'இது என் கையெழுத்து' என்று அவர் வாயால் கேட்டிருக்க வேண்டும். பிறகு அவர் கண்முன்னால் தாங்களும் போட வேண்டும். வழக்கு வந்தால், உயிரோடிருந்து சாட்சி சொல்லக்கூடிய நிலையில் இருப்பவர்களில் ஒருவராவது கூண்டேற வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தில் இது 68-வது பிரிவு, அதன் இடத்தில் வந்திருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் 67. பதிவு செய்த உயிலுக்கும் விலக்கு இல்லை.

ஒருவர் போதுமே என்று நிம்மதியாகிவிடாதீர்கள். அந்த ஒருவர், அடுத்த சாட்சி முறைப்படி போட்டதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவரால் முடியாவிட்டால் அடுத்தவரையும் கூப்பிட்டாக வேண்டும். ஜானகி நாராயண் போயிர் வழக்கில் 2002-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. உங்கள் ஜெராக்ஸ் கடைக்காரர் "பேப்பரை நீட்டினாங்க, போட்டேன்" என்று ஒரு வரி சொல்லட்டும், உயில் ஆட்டம் கண்டுவிடும். சார்பதிவாளர் முன் அடையாளம் காட்டப் போடும் கையெழுத்து வேறு, இது வேறு. மூன்று வருட ஜூனியருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

சாட்சி எழுதிவைப்பவரைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவராக, அவரைப் பல வருடம் அறிந்தவராக, ஊரைவிட்டுப் போகாதவராக இருக்கட்டும். ஒருவர் குடும்ப டாக்டர் என்றால் மனத்தெளிவு பற்றியும் அவரே பேசுவார். பெயர், தகப்பனார் பெயர், வயது, விலாசம் எல்லாம் எழுதுங்கள். கடைசியில் "எழுதிவைப்பவர் எங்கள் இருவர் முன்னிலையில் கையொப்பமிட்டதை நாங்கள் பார்த்தோம்; அவர் முன்னிலையில் நாங்களும் கையொப்பமிட்டோம்" என்று சேருங்கள். பல வருடம் கழித்து ஞாபகம் தடுமாறும் சாட்சிக்கு அந்த வரிதான் ஊன்றுகோல்.

பங்கு பெறுபவரைச் சாட்சியாக்கவே கூடாது. கிறிஸ்தவர் எழுதும் உயிலில் சாட்சிக்கோ அவருடைய கணவனுக்கோ மனைவிக்கோ எழுதிய பங்கை வாரிசுரிமைச் சட்டத்தின் 67-வது பிரிவு செல்லாததாக்கும். இந்து உயிலுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது, ஆனால் சந்தேகத்துக்கு வழி திறந்துவிடும். முஸ்லிம் என்றால் கணக்கே வேறு, வாரிசுகள் சம்மதிக்காமல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எழுத முடியாது. உங்கள் மாதிரிப் படிவத்தில் இதெல்லாம் எங்கே இருக்கிறது?

தமிழ் மட்டும் தெரிந்த அம்மாவுக்கு ஆங்கில உயில் எழுதாதீர்கள். 'மீதிச் சொத்து எது இருந்தாலும் இன்னாருக்கு' என்ற வரியை விடாதீர்கள். ஒரு பிள்ளையை ஒதுக்கினால் காரணத்தை இரண்டு வரியில் எழுதுங்கள்.

சீனியரை இப்போதைக்கு விடாதீர்கள். உயில் வழக்குகளாகக் கேட்டு வாங்கி, சாட்சிகளின் வாக்குமூலங்களை முழுதாகப் படியுங்கள். இருபது குறுக்கு விசாரணை படித்தால் எழுதும் கை தானாக மாறும்.

உயில் எழுதிவைத்த அந்த மூன்று பேரும் உயிரோடுதானே இருக்கிறார்கள்? இந்த வாரமே கூப்பிடுங்கள். பழைய உயிலைப் பதிவு எண், தேதியோடு ரத்து செய்து, சரியான சாட்சிகளை வைத்துப் புதிதாக எழுதிக் கொடுங்கள். கூலி வாங்காதீர்கள்.