எதிர்பார்ட்டி என் தங்கை

கேள்வி: என் மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். பேச்சுப் போட்டிகளில் நிறையப் பரிசு வாங்கியவள், வக்கீலாகத்தான் ஆவேன் என்கிறாள். ஐந்து வருடப் படிப்பில் சேர்ப்பதா, ஒரு டிகிரி முடித்தபின் மூன்று வருடம் படிக்க வைப்பதா? பெண்பிள்ளை கோர்ட்டில் தாக்குப்பிடிப்பாளா, எப்போது சம்பாதிப்பாள் என்று கவலையாக இருக்கிறது. மகன் ஒன்பதாவது படிக்கிறான். வீட்டில் ஒரு வக்கீல் இருந்தால் எங்களுக்கும் நல்லது. பூர்வீக நிலத்துக்காக ஒன்பது வருடமாக வழக்கு நடக்கிறது, எதிர்பார்ட்டி என் தங்கை. கல்யாணத்தில் முப்பது பவுன் போட்டும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டாள். மகள் படித்து வந்தால் அதையும் அவளே பார்த்துக்கொள்வாள்.
– ஒரு தந்தை, தஞ்சை மாவட்டம்

பதில்: கேட்டதை முதலில் முடித்துவிடுகிறேன், அதற்கு அதிக நேரம் ஆகாது. வக்கீலாவேன் என்று பெண்ணே சொல்லும்போது நடுவில் இன்னொரு டிகிரி எதற்கு? ஐந்து வருடப் படிப்பிலேயே சேருங்கள், ஒரு வருடம் மிச்சம். அரசு சட்டக் கல்லூரிகளுக்கு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து இடம் தருகிறது. திருச்சியில் இருக்கும் தேசிய சட்டப் பல்கலைக்கழகம் என்றால் கிளாட் என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். படித்து முடித்ததும் பார் கவுன்சிலில் பதிவு. அதற்குப் பொதுப் பிரிவினரிடம் 750 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்புறம் அகில இந்திய பார் தேர்வு. நீதிபதி ஆகும் ஆசை இருந்தால், சிவில் நீதிபதித் தேர்வுக்கு மூன்று வருடம் தொழில் செய்திருக்க வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் மறுபடி கட்டாயமாக்கியது.

வருமானத்துக்குப் பொறுமை வேண்டும். ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000 ரூபாயாவது தர வேண்டும் என்று 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. உத்தரவு வந்துவிட்டதால் எல்லா சீனியர்களும் பர்ஸைத் திறந்துவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். முதல் சில வருடம் பஸ் செலவுக்கும் உங்களிடம்தான் கேட்பாள், முகம் சுளிக்காமல் கொடுங்கள். தாக்குப்பிடிப்பாளா என்பதற்கு மட்டும் பதில் சொல்ல மாட்டேன். மகனைச் சேர்ப்பதாக இருந்தால் இந்தக் கேள்வி உங்களுக்குத் தோன்றியிருக்காது.

சரி, இனி அந்தக் கடைசி வரிகள்.

எதிர்பார்ட்டி. கோர்ட் வராந்தாவில் குமாஸ்தா சொல்கிற சொல் அது. ஒன்பது வருட வாய்தாவில் அது உங்கள் வாய்க்கும் பழகி, கூடப் பிறந்தவளுக்கே பெயராகிவிட்டது. எழுதும்போது உங்கள் கை கொஞ்சமும் தயங்கவில்லையே ஐயா!

பங்கே இல்லாதவளிடம் யாராவது விடுதலைப் பத்திரம் கேட்பார்களா? கேட்டபோதே அவளுக்குப் பங்கு இருக்கிறது என்று ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். இந்து வாரிசுரிமைச் சட்டம் உங்களுக்குப் பொருந்தும் என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன். தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25க்குள் கல்யாணம் ஆகாத பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு அப்போதே வந்துவிட்டது. 2005 செப்டம்பர் 9 முதல் நாடு முழுக்க, கல்யாணம் ஆனவர், ஆகாதவர் எல்லாருக்கும் அதே உரிமை. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது. 2004 டிசம்பர் 20க்கு முன்பே முறையாகப் பாகம் பிரித்திருந்தால் கதை வேறு. பிரித்திருந்தால் நீங்கள் கையெழுத்துக்கு அலைந்திருக்க மாட்டீர்கள். முப்பது பவுன் சீர். சீரைப் பங்கில் கழிக்கிற அண்ணன்களை இந்தப் பக்கத்தில் நிறையப் பார்த்துவிட்டேன். நிலத்தின் விலை ஏற ஏறத்தான் அவர்களுக்குப் பவுன் ஞாபகம் வருகிறது.

உங்கள் மகளுக்கு வருகிறேன். கல்லூரியில் இந்தச் சட்டம் அவளுக்குப் பாடமாகவே வரும். அத்தை கேட்டது நியாயம் என்று ஒரு நாள் ராத்திரி விடுதியில் உட்கார்ந்து படிக்கும்போது அவளுக்கே தெரிந்துவிடும். இன்னும் நாலு பக்கம் புரட்டினால், அதே பூர்வீக நிலத்தில் தம்பியைப் போலத் தனக்கும் பிறப்பிலேயே பங்கு உண்டு என்பதும் தெரியும். அப்போது அவள் உங்களைப் பார்க்கிற பார்வையை நினைத்துப்பாருங்கள். அவளுக்கும் கல்யாணத்தில் முப்பது பவுனைப் போட்டுவிட்டுப் பத்திரத்தை நீட்டப்போகிறீர்களா? தனக்குப் பண ஆதாயம் இருக்கிற வழக்கில் வக்கீல் ஆஜராகக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. ஆகவே நீங்கள் நினைப்பதுபோல இந்த வழக்குக் கட்டை அவள் கையில் கொடுக்கவும் முடியாது.

விதி இடம் கொடுத்தாலும் நான் விடமாட்டேன். உங்கள் மகள் பிறந்தபோது அவள் காதில் பெயர் சொன்னவள் அத்தையாகத்தான் இருந்திருப்பாள். அவளைக் கூண்டில் நிறுத்தி, கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு உங்கள் மகள் குறுக்கு விசாரணை செய்ய வேண்டுமாம், நீங்கள் பின் வரிசையில் உட்கார்ந்து பார்ப்பீர்களாம். பிள்ளையைப் படிக்க வைப்பது அப்பாவின் கடமை. அந்தப் படிப்பை உங்கள் சண்டைக்கு ஆயுதமாகக் கேட்கிற உரிமை எந்த அப்பாவுக்கும் கிடையாது. தங்கை பிள்ளைகளுக்கு நீங்கள் தாய்மாமன் என்பதாவது ஞாபகம் இருக்கிறதா? இந்த ஒன்பது வருடத்தில் அந்த வீட்டு விசேஷம் ஒன்றுக்காவது தட்டோடு போயிருக்கிறீர்களா?

வழக்கை முடிக்க வழி இருக்கிறது. சமரசத்துக்கு அனுப்பும்படி கோர்ட்டில் கேட்கச் சொல்லி உங்கள் வக்கீலிடம் சொல்லுங்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005லேயே சமரச மையம் தொடங்கிவிட்டார்கள், மாவட்டங்களிலும் இருக்கிறது. லோக் அதாலத் என்கிற மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடித்தால் கட்டிய கோர்ட் ஃபீஸ் திரும்ப வரும், மேல்முறையீடு என்று இன்னொரு ஒன்பது வருடமும் கிடையாது.

அதற்கெல்லாம் முன்னால், கல்லூரி திறப்பதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போங்கள். அவள் கதவைத் திறக்காமல் இருக்கலாம், அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் போங்கள். வக்கீலிடம் கேட்டுக்கொண்டு கிளம்ப வேண்டாம். போய்விட்டு வந்து அவரிடம் சொல்லிக்கொள்ளலாம்.