ஊசியைத் தள்ளிவைத்திருக்கிறார்கள், சிகிச்சையை அல்ல

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 63. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்காகக் கதிர்வீச்சு சிகிச்சையும், அதனுடன் வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் மருந்தும் எடுத்து வருகிறார். மூன்று வாரங்களில், சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் 70இலிருந்து 128க்கு ஏறிவிட்டதால் நான்காவது ஊசியைத் தள்ளிவைத்து, வயிற்றுக்கு ஸ்கேன் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சென்னையில் இருக்கும் பெரியப்பா, “ஒன்றைத் தாண்டினாலே ஆபத்து, 128ஆ?” என்று பதறிப்போய் சிறுபீளைக் கஷாயம் கொடுக்கச் சொல்கிறார். சிகிச்சையை நிறுத்திவிடுவார்களோ என்ற பயத்தில் அம்மா வாந்தி எடுப்பதைக்கூடத் தாதியரிடம் சொல்வதில்லை. அம்மாவுக்கு ரத்தச் சுத்திகரிப்பு (டயாலிசிஸ்) தேவைப்படுமா? – ஈசூன் வாசகி

பதில்: முதலில் பெரியப்பாவின் பதற்றத்தைத் தணித்துவிடுவோம். சிங்கப்பூர் மருத்துவமனைகள் கிரியேட்டினினை லிட்டருக்கு இத்தனை மைக்ரோமோல் என்று எழுதுகின்றன. இந்தியாவில் டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு. இங்குள்ள எண்ணை 88.4ஆல் வகுத்தால் அங்குள்ள எண் கிடைக்கும். அப்படிப் பார்த்தால் உங்கள் அம்மாவுக்கு 0.8ஆக இருந்தது இப்போது ஏறத்தாழ 1.45 ஆகியிருக்கிறது. பெரியப்பா நினைக்கும் அளவுக்கு இது பயங்கரமான எண் அல்ல. ஆனாலும் மூன்றே வாரங்களில் இரண்டு மடங்கை நெருங்கியிருப்பதால் அலட்சியப்படுத்தக்கூடியதும் அல்ல. இந்த அளவில் பொதுவாக யாரும் ரத்தச் சுத்திகரிப்பைப் பற்றிப் பேசுவதில்லை. மேலும் ஏறாமல் தடுப்பதைப் பற்றித்தான் பேசுவார்கள்.

சிஸ்பிளாட்டின் என்பது பிளாட்டினம் கலந்த மருந்து. அது உடலைவிட்டு வெளியேறும் வழியே சிறுநீரகம்தான் என்பதால், அங்குள்ள நுண்குழாய்களின் செல்கள் அதை உள்ளிழுத்துக்கொண்டு பாதிப்படைகின்றன. ஊசிக்கு முன்னும் பின்னும் உப்புநீரை மணிக்கணக்கில் ஏற்றுவது இதனால்தான். மெக்னீசியமும் சிறுநீரோடு கழிந்துபோகும். ஆகவே கெண்டைக்கால் பிடித்து இழுத்தாலோ விரல்நுனி மரத்துப்போனாலோ அதைக் களைப்பு என்று ஒதுக்காமல் சொல்ல வேண்டும்.

ஸ்கேன் எழுதியதற்குக் காரணம் வேறு. சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்குச் செல்லும் குழாய்கள் கருப்பை வாயை ஒட்டியே இறங்குகின்றன. கட்டியோ அதைச் சுற்றிய வீக்கமோ அவற்றை நெருக்கினால், சிறுநீர் பின்னோக்கித் தேங்கி சிறுநீரகம் வீங்கிவிடும். அப்படி அடைப்பு இருப்பது தெரிந்தால், குழாய்க்குள் மெல்லிய ஸ்டென்ட் வைத்தோ முதுகு வழியாகச் சிறு குழாய் செருகியோ சிறுநீரை வெளியேற்ற முடியும். காரணம் மருந்தா அடைப்பா என்று தெரியாமல் அடுத்த ஊசியைப் போட முடியாது என்பதால், தள்ளிவைத்தது சரியான முடிவென்றே நான் கருதுகிறேன்.

இந்தச் சிகிச்சையில் முதன்மையானது கதிர்வீச்சு. சிஸ்பிளாட்டின் அதன் வீரியத்தைக் கூட்டும் துணை மருந்து. ஒரு வார ஊசி தவறினாலும் கதிர்வீச்சு பொதுவாகத் தொடரும். உடலுக்குள்ளிருந்தே தரும் உள்கதிர்வீச்சு உட்பட மொத்தத்தையும் சுமார் எட்டு வாரங்களுக்குள் முடிப்பதே மருத்துவர்களின் நோக்கம் என்பதால், “ஊசிதான் இல்லையே” என்று அம்மா கதிர்வீச்சுக்குப் போகாமல் இருந்துவிடக்கூடாது. சிறுநீரகம் தேறினால் சிஸ்பிளாட்டினைத் தொடரலாம். தேறாவிட்டால் கார்போபிளாட்டின் போன்ற மாற்று மருந்தைப் பற்றி மருத்துவர் யோசிக்கலாம்.

உங்கள் கடிதத்தில் என்னை உண்மையிலேயே கவலைப்பட வைத்தது 128 அல்ல, அம்மா வாந்தியை மறைப்பதுதான். இரண்டு நாள் வாந்தியும், இடுப்புப் பகுதியில் கதிர்வீச்சு பெறுவோருக்கு அடிக்கடி வரும் வயிற்றுப்போக்கும் சேர்ந்தால் உடலில் நீர் வற்றிவிடும். ஏற்கெனவே மருந்தால் அடிபட்ட சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டமும் குறைந்தால் அடுத்த பரிசோதனையில் கிரியேட்டினின் இன்னும் ஏறியிருக்கும், அதற்கடுத்த ஊசியும் தள்ளிப்போகும். எது நடந்துவிடக்கூடாது என்று மறைக்கிறாரோ, அதை அவரே வரவழைத்துக்கொள்கிறார் என்பதை அவருக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். வாந்தியைக் கட்டுப்படுத்த ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகள் உண்டு, ஆனால் இப்போதைய மருந்து போதவில்லை என்று தெரிந்தால்தானே மாற்றித் தருவார்கள்.

வாயால் சொல்லக் கூச்சப்படுபவரிடம் ஒரு நோட்டுப் புத்தகம் நன்றாக வேலை செய்யும். காலையில் பார்த்த எடை, எத்தனை முறை வாந்தி, எத்தனை முறை வயிற்றுப்போக்கு, எத்தனை குவளை நீர், சிறுநீரின் நிறம் ஆகியவற்றை நாள்தோறும் குறித்து, கதிர்வீச்சுக்குப் போகும்போது நீங்களே தாதியரிடம் நீட்டிவிடுங்கள். குடித்த தண்ணீர்கூட வயிற்றில் தங்காவிட்டாலோ, சிறுநீர் வெகுவாகக் குறைந்தாலோ, கால் வீங்கி ஓரிரு நாளில் எடை ஏறினாலோ அடுத்த சந்திப்புவரை காத்திருக்காமல் அன்றே சிகிச்சைக் குழுவைத் தொலைபேசியில் அழையுங்கள். காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டாலோ மூச்சுத் திணறினாலோ நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

அடுத்து வீட்டு மருந்துப் பெட்டியைத் திறந்து பாருங்கள். முட்டிவலிக்கென்று எப்போதோ வாங்கிய பொன்ஸ்டான், சின்ஃபிளெக்ஸ், டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் ஆகியவை சிறுநீரகத்துக்குச் செல்லும் ரத்தத்தைக் குறைப்பவை. இப்போதைக்கு அவற்றை அம்மாவின் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிடுங்கள். வலிக்குப் பனடோல் (பாராசிட்டமால்) பாதுகாப்பானது, ஆனால் காய்ச்சலை மூடிமறைத்துவிடும் என்பதால் முதலில் உடல் வெப்பத்தைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். பலதுறை மருந்தகத்தில் நீரிழிவுக்கான மெட்ஃபார்மினோ லோசார்டான் போன்ற ரத்த அழுத்த மாத்திரையோ வாங்கிச் சாப்பிடுகிறாரென்றால், வாந்தி மிகுந்த நாள்களில் அவற்றை நிறுத்திவைக்க வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் கணினியில் பார்ப்பது பெரும்பாலும் மருத்துவமனையும் மருந்தகமும் கொடுத்த மருந்துகளைத்தான். கடையில் நாமாக வாங்கியது நாம் சொன்னால்தான் தெரியும்.

சிறுபீளை கல்லடைப்புக்குப் பேர்போன மூலிகை. உங்கள் அம்மாவுக்கு இருப்பதோ கல்லடைப்பு அல்ல. கஷாயம் கொடுத்த பிறகு எண் ஏறினால், ஏற்றியது சிஸ்பிளாட்டினா, அடைப்பா, கஷாயமா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. பெரியப்பாவின் அன்பை ஏற்றுக்கொண்டு, கஷாயத்தைச் சிகிச்சை முடியும்வரை ஒத்திப்போடுங்கள்.

தண்ணீரும் அளவறிந்தே குடிக்க வேண்டியது. குழாயில் அடைப்போ காலில் வீக்கமோ இருக்கும்போது குடம்குடமாகக் குடிப்பதால் நன்மையில்லை. நாளொன்றுக்கு எத்தனை லிட்டர் என்று மருத்துவரிடமே கேளுங்கள். ரத்தத்தில் பொட்டாசியம் கூடியிருந்தால் இளநீர் வேண்டாம். உடலுக்கு நல்லதென்று இப்போது பல வீடுகளில் வாங்கும் சோடியம் குறைந்த உப்பில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள், சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு அது ஏற்றதல்ல. உணவங்காடி நிலையத்துப் பழச்சாற்றுக் கடைகளில் கிடைக்கும் நட்சத்திரப் பழத்தை அறவே தவிர்த்துவிடுங்கள். பழுதுபட்ட சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாத நச்சு அதில் இருப்பதால் விக்கலில் தொடங்கி வலிப்புவரை கொண்டுபோய்விடும்.

அதற்காகப் பருப்பையும் முட்டையையும் மீனையும் நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். நெடுநாள் சிறுநீரக நோயாளிகளுக்குச் சொல்லும் புரதக் கட்டுப்பாட்டைக் கதிர்வீச்சில் மெலிந்துவரும் ஒருவருக்கு அப்படியே பொருத்தினால் அவர் மேலும் இளைத்து, சிகிச்சையைத் தாங்கும் பலத்தை இழந்துவிடுவார். எவ்வளவு புரதம், எவ்வளவு பொட்டாசியம் என்பதை அம்மாவின் ரத்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு உணவியல் நிபுணர்தான் சொல்ல முடியும். ஸ்கேன் முடிவைக் கேட்கப் போகும் அன்றே அவரைப் பார்ப்பதற்குப் பரிந்துரை கேளுங்கள். அம்மா வழக்கமாக ஒரு நாளில் என்னென்ன சாப்பிடுகிறார் என்று எழுதி எடுத்துக்கொண்டு போனால் அவருக்கும் உதவியாக இருக்கும்.